அருணாசலத்துக்கு வந்த நூலகர்

1949 ஜனவரியில் ரமணாசிரமத்துக்கு இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் வந்தார்கள். மூத்தவர் ழூல் மொன்ஷானன். பத்தாண்டுகளாகத் திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் பணியாற்றித் தமிழ் மண்ணுக்குப் பழகியவர். இளையவர் ஆன்றி லெ சோ. பிரான்சின் பிரிட்டனி கடலோரத்தில் கெர்கோனான் என்ற மடத்தின் துறவி. குளித்தலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ரமணருக்கு அப்போது வாழ்நாளில் ஓராண்டுக்குச் சற்று அதிகமே மீதமிருந்தது.

பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்த லெ சோவுக்கு முதல் தரிசனம் ஏமாற்றமாகவே இருந்தது. இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஆசிரமத்தில் தங்கியிருந்த எத்தல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெண்மணியிடம் அவர் மனம்விட்டுப் பேசினார். அந்த அம்மையார் சொன்ன பதிலின் சாரம் இது: நீங்கள் அளவுக்கு மீறிய மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர்கள், தெரிந்துகொள்ள வேண்டும் புரிந்துகொள்ள வேண்டும் என்றே நிற்கிறீர்கள், வர வேண்டியது நீங்கள் போட்ட பாதையில்தான் வர வேண்டும் என்கிறீர்கள், முதலில் காலியாகுங்கள்.

பின்னாளில் சுவாமி அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்ற லெ சோவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பதிலை விடாமல் குறிப்பிடுகிறார்கள். ஆனால் மூட்டையை அவிழ்த்து உள்ளே என்ன இருந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. கெர்கோனான் மடத்தில் அவர் நூலகப் பொறுப்பில் இருந்தவர். அவர் தோளில் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் புத்தகச் சுமை. அதைக் கட்டிச் சேர்த்தவர்களின் கதை அருணாசலத்தின் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கத்தோலிக்கத் தமிழில் திருச்சபைத் தந்தையர் என்றும் சீர்திருத்தச் சபைகளின் தமிழில் சபைப் பிதாக்கள் என்றும் சொல்லப்படுகிறவர்கள், ஏறத்தாழ முதல் எட்டு நூற்றாண்டுகளின் கிறித்தவ எழுத்தாளர்கள். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, ஒரிஜன், நீசா ஊர்க் கிரகோரியார், நசியான்சு ஊர்க் கிரகோரியார், பெத்லகேமில் உட்கார்ந்து விவிலியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த எரோணிமுஸ், வட ஆப்பிரிக்காவின் அகுஸ்தினார் என்று வரிசை நீளும். கிரேக்கம், லத்தீன், சிரியாக்கு, காப்டிக்கு, அர்மீனியம் என்று பல மொழிகளில் எழுதினார்கள். எழுதியதில் பாதி அழிந்தது. எஞ்சியதிலும் யார் எழுதியது எது என்பது பெருங்குழப்பம். ஔவையார் எத்தனை பேர், நக்கீரர் எத்தனை பேர், அகத்தியர் பேரில் இருக்கும் மருத்துவ நூல்களில் எது எந்தக் காலத்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட தமிழருக்கு இந்தக் குழப்பத்தை விளக்கத் தேவையில்லை.

முதல் பட்டியல் எரோணிமுஸ் போட்டது. கி.பி. 392-93 வாக்கில், நண்பர் டெக்ஸ்டர் கேட்டதற்காக, புகழ்பெற்ற மனிதர்கள் என்ற தலைப்பில் 135 சிறு அத்தியாயங்கள் எழுதினார். பேதுருவில் தொடங்கித் தம்மிலேயே முடித்துக்கொண்டார். ஒவ்வோர் அத்தியாயமும் ஆள் யார், எந்த ஊர், என்ன எழுதினார் என்று சொல்லும். கிறித்தவர்களிடம் படித்தவர்களே இல்லை என்று ஏளனம் செய்தவர்களுக்குப் பதிலாக எழுதப்பட்டது அது. இன்னாரின் அடியார்க்கும் அடியேன் என்று சுந்தரர் பெயர் பெயராகச் சொல்லி வைத்த தொகை, நம்பியாண்டார் நம்பியிடம் அந்தாதியாகி, சேக்கிழாரிடம் பெரியபுராணமாக விரிந்ததைப்போல, எரோணிமுசின் பட்டியலும் அடுத்தடுத்த கைகளில் வளர்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மார்சேய் நகரத்து கென்னாதியுஸ் அதை நீட்டினார். ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் ஃபோத்தியுஸ் தாம் படித்த ஏறக்குறைய 280 நூல்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அவற்றில் பல இன்று இல்லை. அவர் குறிப்பு மட்டும் இருக்கிறது. ஏடு அழிந்து, உரையாசிரியர் காட்டிய மேற்கோள் மட்டும் நிற்கும் தமிழ் நூல்களைப் போலத்தான்.

பட்டியல் என்பது வாசல்தான். உள்ளே போக நூல் வேண்டும், அதுவும் பிழையற்ற நூல் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் லெ சோவின் சொந்தச் சபைக்காரர்கள். ஆசீர்வாதப்பர் சபை என்று தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் பெனடிக்டு சபையின் ஒரு கிளை, புனித மௌர் கூட்டமைப்பு. பாரிசின் சென்-ழெர்மென்-தெ-பிரே மடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தத் துறவிகள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடினார்கள், பாடபேதம் பார்த்தார்கள், அடிக்குறிப்பு எழுதினார்கள். ழான் மபியோன் 1685-86இல் இத்தாலி முழுக்க நூலகம் நூலகமாக அலைந்த பயணம், ஏட்டுச்சுவடி தேடி உ.வே.சாமிநாதையர் போன பயணங்களின் மூத்த உறவு. அகுஸ்தினாரின் நூல்கள் 1679 முதல் 1700 வரை வெளிவந்தன. பெர்னார் தெ மோன்ஃபோகோன் பொன்வாய் அருளப்பரை 13 தொகுதிகளில் 1718 முதல் 1738 வரை பதிப்பித்தார்.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மடங்கள் கலைக்கப்பட்டன. கூட்டமைப்பின் கடைசித் தலைவர் 1792 செப்டம்பர் படுகொலையில் இறந்தார். 1794 ஆகஸ்டில் சென்-ழெர்மென் மடத்தின் நூலகம் தீப்பிடித்தது. நசியான்சுக் கிரகோரியாரின் முதல் தொகுதி 1778இல் வந்திருந்தது. அவருடைய கவிதைகளைக் கொண்ட இரண்டாம் தொகுதி அச்சேறியது 1840இல். இடையில் 62 ஆண்டுகள். இந்த இரண்டாம் தொகுதியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்த ஒரு பாட்டு பிற்பாடு காவிரிக் கரைக்கும் அண்ணாமலைக்கும் வந்தது.

அச்சில் வந்தும் அந்தப் பெரிய பதிப்புகளைச் சாதாரணக் குருவால் வாங்க முடியவில்லை. அதை மாற்றியவர் ழாக்-போல் மீஞ். 1800இல் பிறந்த இந்தப் பங்குக் குரு, ஆயருடன் ஒத்துப்போகாமல் பாரிசுக்கு வந்து, நகர எல்லையில் மோன்ரூழ் என்ற இடத்தில் அச்சுக்கூடம் தொடங்கினார். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்த்த ஆலை அது. பழைய நல்ல பதிப்புகளை எடுத்து, இரண்டு பத்தியாக, பொடி எழுத்தில், மட்டத் தாளில், மலிவு விலையில் அடித்துத் தள்ளினார். சென்னையில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் சந்தை சந்தையாகப் போனதைப் போல மீஞ்சின் தொகுதிகள் பங்கு வீடுகளுக்குப் போயின. திட்டத்துக்கு அறிவுத் துணையாக இருந்தவர் சொலேம் மடத்துத் துறவி ழான்-பப்டிஸ்ட் பித்ரா. அவரும் பெனடிக்டு சபைதான்.

எண்ணிக்கையைச் சொன்னால்தான் அந்த வெறி புரியும். லத்தீன் வரிசை 1844 முதல் 1855 வரை 217 தொகுதிகள். அதற்கு அடைவுகள் மட்டும் இன்னும் 4 தொகுதிகள். கிரேக்க வரிசை 1857 முதல் 1866 வரை 161 தொகுதிகள். அடைவென்றால் பெயர் அகரவரிசை மட்டுமல்ல. பொருள்வாரியாக, விவிலிய வசனவாரியாக, நூற்றாண்டுவாரியாக, நாடுவாரியாக என்று லத்தீன் வரிசையைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக் காட்டியிருந்தார்கள். ஒரு குரு நோன்புக்காலப் பிரசங்கத்துக்கு உட்கார்ந்தால், உண்ணாநோன்பைப் பற்றி யார் யார் எங்கே பேசியிருக்கிறார்கள் என்று ஒரே மேசையில் பார்த்துவிடலாம்.

1868 பிப்ரவரியில் மோன்ரூழ் அச்சுக்கூடம் எரிந்தது. ஈய அச்சுத் தகடுகள் உருகி ஓடின. மீஞ் மீண்டும் எழவில்லை. பூசைக் காணிக்கைப் பணத்தைப் புத்தகத்துக்கு ஈடாக வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து, திருச்சபைத் தலைமையின் கண்டனத்தோடு 1875இல் இறந்தார். கிரேக்க வரிசைக்குப் பயன்படத்தக்க அடைவு ஒன்றை ஃபெர்தினான் கவலேரா 1912இல் கொடுத்தார். மீஞ்சின் பதிப்பில் பிழைகள் ஏராளம். ஆனாலும் இன்றுவரை ஆய்வாளர்கள் தொகுதி எண்ணையும் பத்தி எண்ணையும் சொல்லி அவரைத்தான் சுட்டுகிறார்கள். பிழையோடு இருந்தாலும் எல்லாரிடமும் இருக்கும் புத்தகம்தான் பொதுமொழியாகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

கெர்கோனான் போன்ற மடங்களில் வளர்ந்தவர்களின் கண் பழகியது இந்தப் பொடி எழுத்தில்தான். சொலேம் குடும்பத்தைச் சேர்ந்த மடம் அது. அங்கே இளைஞர் லெ சோ கிரேக்கத் தந்தையரைப் படித்தார். நசியான்சுக் கிரகோரியாரின் பேரில் வழங்கும் ஒரு துதி அவரைப் பிடித்துக்கொண்டது. எல்லாப் பெயரும் யாருக்கு உரியதோ அவரையே எந்தப் பெயராலும் அழைக்க முடியாது என்று திகைத்து நிற்கும் பாடல். 1942இல் தம் தாயாருக்காக மூவொரு கடவுளைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதிலும் அந்தத் துதியின் வாசம். இந்தியாவுக்கு வந்த பின்னும் அது அவரை விட்டுப் போகவில்லை. மெர்ஸ்டன் அம்மையார் கண்ட மூட்டையில், கழற்றி வைக்க முடியாதபடி தோலோடு ஒட்டியிருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மொன்ஷானனின் மூட்டையில் வேறொரு கிரகோரியார் இருந்தார். நீசா ஊர்க்காரர். மொன்ஷானன் லியோன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர். இறையியலாளர் ஆன்றி தெ லுபாக்கின் நெருங்கிய நண்பர். பின்னாளில், 1967இல், மொன்ஷானனைப் பற்றித் தனி நூலே எழுதினார் தெ லுபாக். இதே தெ லுபாக், ழான் தனியேலுவுடன் சேர்ந்து 1942இல், நாசிகளின் பிடியில் நாடு கிடந்தபோது, லியோனில் ஒரு நூல்வரிசையைத் தொடங்கினார். கிறித்தவ ஊற்றுகள் என்று தமிழில் சொல்லலாம். ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு, முன்னால் நீண்ட முன்னுரை, கீழே குறிப்பு என்பது அதன் நோக்கம். போர்க்கால நெருக்கடியில் முதல் நூல் வெறும் மொழிபெயர்ப்பாகவே வந்தது. கிரேக்க மூலம் 1955இல் இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. இன்று அந்த வரிசை 600 நூல்களைத் தாண்டிவிட்டது.

அந்த முதல் நூல் எது என்பதில்தான் திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சேதி இருக்கிறது. நீசாக் கிரகோரியார் எழுதிய மோசேயின் வாழ்வு. மோசே மலையேறுகிறார். முதலில் எரிந்தும் கருகாத முட்செடியில் ஒளி. அடுத்து மேகம். கடைசியில், உச்சியில், இருள். நெருங்க நெருங்கத் தெளியும் என்று நினைத்தால், நெருங்க நெருங்க அறிவுக்கு எட்டாமல் போகிறது. கடவுளுக்கு எல்லையில்லை, ஆகவே தேடலுக்கும் எல்லையில்லை என்பது கிரகோரியாரின் வாதம். கடவுளின் பின்புறத்தை மட்டும் மோசே கண்டார் என்ற விவிலியக் காட்சிக்கு அவர் தரும் உரை அழகானது: யாரைப் பின்தொடர்கிறோமோ அவர் முதுகைத்தானே பார்க்க முடியும்.

அடியும் முடியும் தேடிப் பன்றியாகத் தோண்டியும் அன்னமாகப் பறந்தும் காணாமல் திரும்பிய இருவரின் கதை தலபுராணமாக வழங்கும் ஊர் திருவண்ணாமலை. அந்த எல்லையின்மையை ஆண்டுதோறும் கார்த்திகையில் மலையுச்சியில் தீயாக ஏற்றிக் காட்டும் ஊர். இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடுவது அவசரம். கிரகோரியார் பேசுவது படைத்தவருக்கும் படைப்புக்கும் நடுவே இருக்கும் கடக்க முடியாத இடைவெளியை. ரமணர் காட்டியது இடைவெளியே இல்லை என்பதை. ஆனாலும் முட்செடிக் காட்சியில் மோசேக்குச் சொல்லப்பட்ட பெயரை, இருக்கிறேன் என்பதையே பெயராகக் கொண்ட அந்தப் பெயரை, ரமணர் தம் உரையாடல்களில் விரும்பி எடுத்துக்காட்டினார் என்பது பதிவாகியிருக்கிறது. மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பையனுக்கு விவிலியம் அந்நியமல்ல. ஒரே முட்செடியின் முன்னால் நான்காம் நூற்றாண்டுக் கப்பதோக்கியாவின் ஆயரும் இருபதாம் நூற்றாண்டுத் திருச்சுழிக்காரரும் நின்று, வெவ்வேறு பதிலோடு திரும்பியிருக்கிறார்கள்.

1950 மார்ச் 21ஆம் நாள், பெனடிக்டின் திருநாளன்று, குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில் காவிரிக்கரை மாந்தோப்பில் சாந்திவனம் தொடங்கியது. மொன்ஷானன் பரம அரூபி ஆனந்தர் ஆனார், லெ சோ அபிஷிக்தேசுவரானந்தர் ஆனார். அலெக்சாந்திரியத் தந்தையர் கிரேக்க மெய்யியலுக்குள் இறங்கி நீந்தியதைப் போல இந்திய மெய்யியலுக்குள் இறங்க வேண்டும் என்பது மொன்ஷானனின் கனவு. ரமணர் மறைந்த பிறகு, 1952 முதல், லெ சோ மாதக்கணக்கில் அண்ணாமலையின் குகைகளில் தங்கினார். குகை நமசிவாயர், விரூபாட்ச தேவர், ரமணர் என்று குகைவாசிகளுக்குப் பழகிய மலை காவியுடுத்த வெள்ளைக்காரரையும் ஏற்றுக்கொண்டது. அங்கே அவருக்குக் கிடைத்த அனுபவத்தின் சூட்டில் குகாந்தரம் என்ற கையெழுத்து நூல் உருவானது. பாரிசில் திருச்சபைத் தணிக்கையாளர் அதை ஏற்கவில்லை. நண்பர்கள் இருவருக்கும் இடையிலும் விரிசல் விழுந்தது. மொன்ஷானன் கிரேக்கத் தந்தையரின் தரையில் காலூன்றி நின்றார். இளையவர் அத்வைத ஆழத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். 1957இல் மொன்ஷானன் பாரிசில் இறந்தார். லெ சோ வடக்கே உத்தரகாசிக்குப் போய், 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.

இதே காலத்தில், திருவண்ணாமலைக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில், புதுச்சேரியில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். 1955இல் பிரெஞ்சு நிறுவனத்தை நிறுவிய ழான் ஃபிலியோசா. மருத்துவர், தமிழும் வடமொழியும் கற்றவர். பத்து ஆண்டுகளுக்கு முன், 1945இல், அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பொருள்: புனித ஹிப்போலித்து சொல்லும் பிராமணர்களின் கொள்கை.

இந்த ஹிப்போலித்துவின் கதையைக் கேட்டால் அடைவுகளும் நூலடைவுகளும் ஏன் வேண்டும் என்பது விளங்கும். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் எழுதப்பட்ட, தப்பறைகள் அனைத்தையும் மறுக்கும் ஒரு பெருநூல். அதன் முதல் பகுதி மட்டும் நெடுங்காலமாக ஒரிஜனின் பேரில் வழங்கியது. 1842இல் மினோய்தெஸ் மைனாஸ் என்ற கிரேக்கர் ஆத்தோஸ் மலை மடமொன்றிலிருந்து ஒரு கைப்பிரதியைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். அதில் நான்காம் பகுதியிலிருந்து பத்தாம் பகுதிவரை இருந்தது. 1851இல் எம்மானுவேல் மில்லர் ஆக்ஸ்போர்டில் அதை அச்சிட்டார், ஒரிஜனின் பேரிலேயே. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பூன்சென், டோலிங்கர் என்ற அறிஞர்கள் இது ஹிப்போலித்துவின் நடை, ஹிப்போலித்துவின் சண்டை என்று காட்டினார்கள். மீஞ் கேட்டாரா? தம் கிரேக்க வரிசையின் 16ஆம் தொகுதியில், ஒரிஜனின் நூல்களோடு சேர்த்தே அச்சடித்தார். இந்த நூலைத் தேடி ஹிப்போலித்துவின் தொகுதிக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இன்றும் ஹிப்போலித்துதானா என்று ஐயப்படுகிற அறிஞர்கள் உண்டு.

அந்த முதல் பகுதியின் இறுதியில் பிராமணர்களைப் பற்றிய பத்தி வருகிறது. அவர்கள் தாகபேனா என்ற ஆற்றின் நீரைக் குடிக்கிறார்கள், கடவுளை ஒளி என்கிறார்கள், ஆனால் அது கண் காணும் ஞாயிறோ தீயோ அல்ல என்கிறார்கள், உடம்பைப் போர்வையாகக் கருதுகிறார்கள். ஃபிலியோசா இந்த ஆற்றுப் பெயரைத் துங்கபத்திரைப் பக்கத்தோடு இணைத்தார். கருத்துகளை உபநிடதங்களோடு ஒப்பிட்டார். அலெக்சாந்தர் காலத்துக் கதைகளின் மறுபதிப்பல்ல இது, தக்காணத்திலிருந்து நேரே போன செய்தி என்பது அவர் முடிவு. வணிகக் கப்பல்கள் மிளகோடு தத்துவத்தையும் ஏற்றிச் சென்ற காலம். கிளமெந்து புத்தரின் பெயரைச் சொல்கிறார். அவருடைய ஆசான் பந்தேனுஸ் இந்தியாவரை போனார் என்று யூசேபியுஸ் எழுதுகிறார். தென்னாட்டு வரலாற்றை ஆராய்கிறவர்கள் பெரிப்ளுசையும் பிளினியையும் தாலமியையும் புரட்டிய அளவுக்குத் திருச்சபைத் தந்தையரைப் புரட்டவில்லை. இது வருத்தத்துக்குரிய குறை.

புரட்டுவதற்கான கருவிகள் இருபதாம் நூற்றாண்டில் பெருகின. யொஹான்னஸ் க்வாஸ்டன் 1950, 1953, 1960 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொடுத்த தந்தையரியல், புதிதாக நுழைகிறவருக்கு இன்றும் கைவிளக்கு. ஓர் ஆசிரியரின் வாழ்க்கை, நூல்கள், நல்ல பதிப்பு, மொழிபெயர்ப்பு, ஆய்வுகள் என்று அடுக்கடுக்காகத் தரும். எலிகியுஸ் டெக்கர்ஸ் என்ற பெல்ஜியத் துறவி 1951இல் லத்தீன் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். மௌரிட்ஸ் கேரார்ட் 1974 முதல் கிரேக்கத்துக்கும் அதையே செய்தார். திறவுகோல் என்று பெயர். பெயர் பொய்க்கலாம், தலைப்பு மாறலாம், எண் மாறாது. உண்மையானவை, ஐயத்துக்குரியவை, போலியானவை என்று பிரித்தும் வைத்திருப்பார்கள்.

அகராதியையும் சொல்ல வேண்டும். தந்தையரின் கிரேக்கத்துக்குத் தனி அகராதி வேண்டும் என்ற முயற்சி இங்கிலாந்தில் 1906இல் தொடங்கி, துண்டுச் சீட்டுகளாகப் பெட்டி பெட்டியாகச் சேர்ந்து, பல ஆசிரியர்கள் கைமாறி, லாம்ப் என்ற ஆசிரியரின் பேரில் 1961 முதல் 1968 வரை வெளிவந்தது. அறுபதாண்டு உழைப்பு. 1913இல் சாண்ட்லர் தொடங்கி 1936இல் வையாபுரிப்பிள்ளை முடித்த தமிழ் லெக்சிகனின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை இது. அந்தச் சாண்ட்லரும் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்தவர்தான். ஊற்று ஒரு மலையிலிருந்தல்ல, பல மலைகளிலிருந்து வந்து கலக்கிறது.

அப்படிக் கலந்த நீர் ஒருநாள் திருவண்ணாமலையின் மேலேயே பாய்ந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனமும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியும் சேர்ந்து, 1989 முதல், இந்த ஊரைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டன. பி.ஆர்.சீனிவாசன் கோயில் கல்வெட்டுகளைத் தொகுத்தார். பிரான்சுவாஸ் லெர்னோ கட்டடத்தையும் சிற்பத்தையும் எழுதினார். மாரி-லூயிஸ் ரெனிஷ் வழிபாட்டையும் ஊரின் சமூக அமைப்பையும் ஆராய்ந்தார். எந்தச் சுவரில் எந்த மன்னன், எந்த ஆண்டு, என்ன தானம் என்று கல்வெட்டைப் பதிவு செய்யும் ஒழுங்கும், எந்தச் சுவடியில் எந்தத் தந்தையின் எந்த வரி என்று மௌர் துறவிகள் பதிந்த ஒழுங்கும் ஒரே அறிவுப் பழக்கத்தின் பிள்ளைகள். நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்துபோகும் அந்த மதில்களில், கைவைத்துத் தடவினாலும் படிக்கத் தெரியாத எழுத்துக்கு வழிகாட்டி அந்த ஐந்து தொகுதிகள்.

நூலகராக இருந்து குகைக்குப் போனவரின் அந்தத் துதிக்குத் திரும்பலாம். லெ சோ அதை நசியான்சுக் கிரகோரியாருடையது என்றே அறிந்திருந்தார். ஆனால் ஆய்வாளர்களுக்கு ஐயம் முன்பே இருந்தது. சொல்லிலும் எண்ணத்திலும் அது கிரகோரியாரைவிடப் புதுப்பிளேட்டோனியர்களுக்கே நெருக்கம் என்று 1891இல் ஆல்பர்ட் யான், கிறித்தவரே அல்லாத புரோக்ளுசின் பேரை முன்வைத்தார். 1988இல் மார்ட்டின் சிஹெர்ல், கைப்பிரதிகளைச் சல்லடை போட்டுப் பார்த்து, ஆறாம் நூற்றாண்டு வாக்கில் தியோனிசியுஸ் என்ற புனைபெயரில் மறைந்து எழுதிய ஒருவரை நோக்கி விரல் நீட்டினார். லெ சோ இறந்து அப்போது பதினைந்து ஆண்டுகள். இந்தச் செய்தி தெரிந்திருந்தால் அவர் கலங்கியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. எந்த மதத்தவர் என்றே உறுதியாகச் சொல்ல முடியாத ஒருவரின் பாட்டு, தம்மை அருணாசலத்தின் அடிவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பது அவருக்கு மகிழ்ச்சியே தந்திருக்கும்.

மீஞ்சின் கிரேக்க வரிசையில் 37ஆம் தொகுதி, 507ஆம் பத்தி. புரட்சியைத் தாண்டி 1840இல் அச்சேறிய பதிப்பிலிருந்து எடுத்துக் கோத்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் பாட்டு இன்னமும் கிரகோரியாரின் பேரிலேயே இருக்கிறது.